எத்தனை நாளா இருக்குன்னு கேட்டாங்க

எங்க கடைக்கு வர்ற சனத்துக்கு ஆஸ்பத்திரிப் பேப்பரை எப்பிடி நீட்டுறதுன்னே தெரியாது. ரேஷன் கார்டுன்னா மேசை மேல விசிறி அடிப்பாங்க. ஆதார் கார்டைப் பல்லுல கடிச்சுக்கிட்டே வண்டிய நிப்பாட்டுவாங்க. அதே வீட்டுப் பொம்பளையோட பயாப்ஸி ரிப்போர்ட்டுன்னா மட்டும் எழுத்துப் பக்கத்தக் குப்புறக் கவுத்து, அக்கம்பக்கம் பாத்து, "படிக்காம எடுத்துக் குடுங்கக்கா"ம்பாங்க. ஏம்ப்பா, அவ என்ன கொலையா பண்ணிட்டா? ஒடம்புல கட்டி வந்தவளைக் களவாணி மாதிரி மறைக்கிற சனம். அதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பழங்காநத்தத்துல பத்தொம்பது வருஷமா ஜெராக்ஸ் கடை நடத்துறேன். படிக்காதேன்னா படிக்காம இருக்க நான் என்ன மிஷினா? வர்ற பேப்பரு அம்புட்டையும் படிப்பேன். படிச்சுப் படிச்சு, நாம பாதி டாக்டராயிட்டோம்னு ஒரு நெனப்பு வேற. மார்ல கட்டின்னா மொதல்ல டாக்டர் கையால தடவிப் பாப்பாங்க, அப்புறம் மேமோகிராம், அப்புறம் ஸ்கேன், அதுலயும் சந்தேகம்னா ஊசியக் குத்தி சதைய ஒரு துணுக்கு எடுப்பாங்க. கர்ப்பப்பை வாயின்னா பிரஷ்ஷு மாதிரி ஒண்ணால வழிச்சு, கண்ணாடிச் சில்லுல தடவி லேபுக்கு அனுப்புவாங்க. சூல்பையில, அதான் ஓவரியில, வந்தா அது ஊமைக் கோட்டான். வயிறு உப்பும், ரெண்டு வாயி தின்னா நெறஞ்சிரும், அம்புட்டுத்தான். கேஸுன்னு சொல்லி ஓமத்தண்ணியக் குடிச்சுக்கிட்டே பல மாசத்த ஓட்டிட்டு, நெறமாசக்காரி மாதிரி வயிறு பெருத்தப்புறம்தான் ரத்த டெஸ்ட்டுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் போவாளுக.

எந்த இடத்துல வந்தாலும் கடைசி முடிவு ஒண்ணுதான். சதைய எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்துத்தான் எழுதுவாங்க. ஆனா நம்ம ஆளுகளுக்கு அதெல்லாம் எதுக்கு? மூஞ்சியப் பாத்தே சொல்லிருவாங்க. "நல்லா செவப்பா இருக்கா, இவளுக்கு எப்பிடி வரும்?"னு என் கடை வாசல்ல நின்னே ஒருத்தி கேட்டா. செவப்பா இருந்தா வராதுன்னு எந்தப் புண்ணியவான் சொன்னானோ.

எங்க தொழில்ல இன்னொரு கணக்கும் உண்டு. சுகரு, பிரஷரு பேப்பருன்னா ஒரு காப்பி. பித்தப்பைக் கல்லுன்னா ரெண்டு. ஹிஸ்டோபேத்தாலஜின்னு தலைப்புப் போட்ட அந்தச் சதை ரிப்போர்ட்டுல மூணு செட்டு கேட்டாங்கன்னா, அந்த வீட்டுல யாருக்கோ இந்தப் புத்து வியாதின்னு அர்த்தம். காப்பீட்டுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, இல்லவே இல்லைன்னு எவராச்சும் சொல்லிர மாட்டாங்களான்னு இன்னொரு டாக்டர்ட்டக் காட்ட ஒண்ணு. இதுவரைக்கும் இந்தக் கணக்கு தப்புனதில்ல.

இப்பிடி ஊரு பேப்பரையெல்லாம் படிச்ச மேதாவி, என் ஒடம்புல நடந்தத என்ன லட்சணத்துல படிச்சேன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். ஆபரேஷன் முடிஞ்சு, ரேடியேஷன் கரண்டும் வச்சு முடிச்சு, இப்ப சோறு தண்ணி எறங்குது. அதனாலதான் வாயும் பேசுது.

கே.கே. நகர்ல ஒரு கல்யாண மண்டபத்துல பொம்பளைகளுக்குன்னு முகாம் போட்டாங்க. மேடையில ஒருத்தரு ரோஸ் கலர்ல சால்வையப் போட்டுக்கிட்டு, தாய்க்குலமே தாய்க்குலமேன்னு ஒரு மணி நேரம் உயிர வாங்குனாரு. மார்பகம்ங்குற வார்த்தை வர்றப்பல்லாம் தொண்டையச் செருமுனாரு. அதைச் சொல்லவே கூசுறவரு அதைப் பரிசோதிக்கச் சொல்லி எங்களுக்கு புத்தி சொல்றாரு! அந்தக் கூத்துக்குப் பின்னால, ஒரு திரைக்கு அந்தப் பக்கம், ரெண்டு நர்ஸு பிள்ளைக சத்தமில்லாம உண்மையான வேலையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் படுத்தேன். வழிச்சு எடுத்தாங்க. பத்து நாளு கழிச்சு ஒண்ணுமில்லைன்னு பேப்பரு வந்துச்சு. நான் என்ன பண்ணுனேன்? கடையில லேமினேஷன் மிஷின் சும்மாதானே இருக்குன்னு அதை லேமினேட் பண்ணி வச்சுக்கிட்டேன். கூறுகெட்டவ!

எனக்குத் தீட்டு நின்னப்ப வயசு அம்பது. அம்பத்தாறாவது வயசுல, தீபாவளிக்கு மொத வாரம், பாவாடையில ஒரு பொட்டு ரத்தம். ரெண்டு நாளு இருந்துச்சு, நின்னுருச்சு. மறு மாசம் மறுபடி. மொதல்ல ஒடம்புச் சூடுன்னு இளநியக் குடிச்சேன். அப்புறம் கடையில நின்னுக்கிட்டே இருக்குறதாலன்னு ஒரு ஸ்டூலு வாங்கிப் போட்டேன். அந்த நோயா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணும். ஒடனே அந்த லேமினேஷன் பேப்பர எடுத்துப் பாத்துக்குவேன். கர்ப்பப்பையில ஒண்ணுமில்லைன்னு கவருமெண்டு முத்திரை குத்துன மாதிரி ஒரு தைரியம். மார்கழி, தை, மாசின்னு மாசம் அதுபாட்டுக்கு ஓடுச்சு. வீட்டுல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. துணிய நானே தனியாத் தொவைச்சு, நானே உள்ளயே கொடி கட்டிக் காயப் போட்டேன்.

ஆனி பொறந்து ஒரு வாரத்துல எங்க நாத்தனா கண்டுபுடிச்சுட்டா. அவ எங்க வீட்டு மாடியிலதான் இருக்கா. தொவைக்கிற கல்லுல பாவாடையப் பாத்துட்டா. பாத்தவ பதறணுமா இல்லையா? கையத் தட்டிச் சிரிச்சா. "என்ன மதினி, மறுபடியும் வயசுக்கு வந்துட்டீங்களா?"ன்னா. பக்கத்து வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டுச் சொன்னா. அம்பத்தாறு வயசுல கொமரியாயிட்டேன்னு ஒரே கும்மாளம். அதோட விட்டாளா? உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியப் போட்டு, குழி பண்ணி நல்லெண்ணெய ஊத்தி, "சாப்பிடுங்க, இடுப்புக்கு பலம்"னு கையில குடுத்தா. மூணு நாளைக்கு சாமி ரூம் பக்கம் போக வேணாம்னும் சொன்னா. சமஞ்ச பிள்ளைக்குச் செய்யிற சீரு அம்புட்டும் எனக்கு நடந்துச்சு, தாய்மாமன் மட்டுந்தான் பாக்கி.

அவளைத் திட்டி என்ன? நானும்தான் சிரிச்சேன். களியவும் ரெண்டு உருண்டை தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு.

அந்த வாரமே கடைக்கு ஒரு டீச்சரம்மா வந்தாங்க. எழுத்துப் பக்கம் மேல தெரிய பேப்பர நீட்டுன ஒரே ஆளு அவங்கதான். "மூணு செட்டு"ன்னாங்க. படிச்சேன். தீட்டு நின்னப்புறம் ரத்தப்போக்கு, கர்ப்பப்பையோட உள் சவ்வுல புற்று. மிஷின் மூடியப் புடிச்சிருந்த என் கை அப்பிடியே நின்னுருச்சு. "முகாம்ல டெஸ்ட் எடுக்கலியா டீச்சர்?"னு கேட்டேன். "எடுத்தேனே, நார்மல்தான். அது கர்ப்பப்பையோட வாய்க்கு. வாசல்ல நின்னு பாத்தா வீட்டுக்குள்ள பாத்ததாயிருமாக்கா?"ன்னாங்க. பத்தொம்பது வருஷம் படிச்ச படிப்பு! வாய்க்கும் உள்ளுக்கும் வித்தியாசம் தெரியாத படிப்பு.

மறுநாளு எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு கே.கே. நகர்ல ஒரு லேடி டாக்டர்கிட்டப் போனேன். அவரு பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயரானவரு. இஞ்சின் சத்தத்தக் கேட்டே எந்த நட்டு லூஸுன்னு சொல்லுவாரு. பக்கத்துல படுத்திருக்கிற பொண்டாட்டிக்கு எட்டு மாசமா ரத்தம் படுறது தெரியல.

டாக்டர் ரெண்டே கேள்விதான் மொதல்ல கேட்டாங்க. தீட்டு நின்னு எத்தனை வருஷம்? ஆறு. இந்த ரத்தம் எத்தனை நாளா இருக்கு?

"ரெண்டு வாரமா"ன்னேன்.

பச்சைப் பொய். ஏன் சொன்னேன்? வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்திருந்தாரு, அது ஒண்ணு. இன்னொண்ணு, லேட்டா வர்றவளுகளை அம்புட்டு வருஷமா ஏசிக்கிட்டு இருந்த வாயி இது. அந்த வாயால எட்டு மாசம்னு சொல்ல வரல. சீக்கிரம் வந்த புத்திசாலின்னு டாக்டர் நெனைக்கணும்னு எனக்கு ஆசை. உயிரே போற எடத்துல நல்ல பேரு வாங்கப் பாத்த ஆளு நான்.

உள்ள வச்சுப் பாக்குற ஸ்கேன் எடுத்தாங்க. என் வயசுல அந்த சவ்வு நாலு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணுமாம். எனக்குப் பதினாலு. தடிச்சதெல்லாம் புற்று இல்ல, ஆனா பாக்காம விடக் கூடாதுன்னு சொல்லி, பேனா ரீபிள் தடிமனுக்கு ஒரு குழாய விட்டு உறிஞ்சி, சதைத் துணுக்க எடுத்தாங்க. சுண்டி இழுத்துச்சு, ரெண்டு நிமிஷம் கண்ணுல தண்ணி வந்துச்சு, முடிஞ்சு போச்சு. மயக்க ஊசி கூட இல்ல. இம்புட்டுத்தான் சோதனை! இதுக்கா எட்டு மாசம் ஒளிஞ்சேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

ரிப்போர்ட்டு வாங்க வீட்டுக்காரரு மட்டும் போனாரு. ஆனி மாசக் கடைசி. திரும்பி வந்து, "ஒண்ணுமில்லையாம். சதை கொஞ்சம் வளந்திருக்காம். பேப்பர டாக்டரே வச்சுக்கிட்டாங்க"ன்னாரு. சொல்லிட்டு எம் மூஞ்சியப் பாக்காம ஃபேன் சுவிட்சப் போட்டாரு. ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

ரிப்போர்ட்ட டாக்டர் வச்சுக்க மாட்டாங்கன்னு என்னை விட எவளுக்குத் தெரியும்? அம்புட்டுப் பேப்பரும் என் மேசைக்குத்தானே வருது. ஆனாலும் நான் கேக்கல. ஊரான் வீட்டு ரிப்போர்ட்டை ஒரு எழுத்து விடாம படிக்கிறவ, என் ரிப்போர்ட்டு எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. பயம். வேற என்ன?

ஆடி வந்துச்சு, போச்சு. ஆவணி பொறந்து அஞ்சாறு நாளு இருக்கும். மத்தியானம் ஒரு போனு. அவனியாபுரத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற தம்பி. ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், டோனரு தீந்துட்டா ஒருத்தருக்கொருத்தரு மாத்திக்குவோம், அந்தப் பழக்கம். "என்னக்கா, மிஷினு ரிப்பேரா?"ன்னான். இல்லியேன்னேன். "இல்ல, அண்ணே இம்புட்டு தூரம் வந்து நம்ம கடையில எடுத்துட்டுப் போறாரே, அதான் கேட்டேன்"ன்னான்.

"எத்தனை செட்டு எடுத்தாரு?"

"மூணு செட்டுக்கா."

எனக்கு வேற ஒண்ணும் கேக்க வேண்டியிருக்கல. சொந்த ஜெராக்ஸ் கடை வாசல்லயே இருக்க, பொண்டாட்டி படிச்சிரக் கூடாதுன்னு அவனியாபுரம் வரைக்கும் போயி காப்பி எடுத்த மனுசனை என்ன சொல்றது? அங்க இருக்கிறவன் யாருன்னாவது யோசிச்சாரா? என்னமா ஒளிக்கிறாராம்!

கடைய இழுத்துச் சாத்திட்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போனேன். எந்தக் கடையிலயும் ஒரு காப்பியாவது கோணலா விழும், அதைத் தூக்கி வேஸ்ட்டுப் பெட்டியில போடுவோம். அந்தத் தம்பி வேணாங்கா வேணாங்கான்னு கெஞ்சக் கெஞ்ச, பெட்டியக் கவுத்துத் தேடுனேன். கெடைச்சுச்சு. ஒரு ஓரம் வெட்டுப்பட்டு, சாஞ்சு விழுந்த காப்பி. என் பேரு பாதி, வயசு முழுசு. கீழ அடினோகார்சினோமா, புத்துதான். தேதியப் பாத்தேன். ஆனி மாசத் தேதி. விரலு விட்டு எண்ணுனேன், நாப்பது நாளு. அந்தத் தம்பி ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தான். அங்கயே உக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் எந்திரிச்சேன்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில வீட்டுக்காரரும் அவரு தங்கச்சியும் டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பேப்பர நடுவுல போட்டேன்.

"ஏங்க, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தாங்க மாட்டேன்னுதாம்மா..."

"நான் தாங்க மாட்டேனா? முப்பத்தி ரெண்டு வருஷமா உங்களையே தாங்குறேன், இதைத் தாங்க மாட்டேனா?"

நாத்தனா நடுவுல வந்தா. "மதினி, ரிப்போர்ட்டு கைக்கு வர்றப்ப ஆடி பொறக்க நாலு நாளுதான் இருந்துச்சு. ஆடியில போயி வைத்தியம் ஆரம்பிக்கலாமா? ஆவணி மொத முகூர்த்தத்துல சதை ஆபரேஷன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போலாம்னு நாந்தான் சொன்னேன்"ன்னா. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டர் எழுதியே குடுத்திருக்காங்க. அதைப் பையில வச்சுக்கிட்டு, ஆடி முடியட்டும்னு காத்திருந்திருக்காங்க ரெண்டு பேரும். ஆடித் தள்ளுபடின்னு நெனச்சிருப்பாங்க போல. புத்துக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? அது காலண்டரா கிழிக்குது?

அன்னைக்கு நான் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டுருக்கும்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்றுநோய்ப் பிரிவுல ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பழைய பேப்பரையெல்லாம் பொறுமையாப் படிச்சுட்டு, மறுபடியும் அதே கேள்வி. "ரத்தம் படுறது எத்தனை நாளா இருந்துச்சும்மா?" நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு, "ரெண்டு வாரமா இருந்துச்சு டாக்டர், ஒடனே காட்டிட்டோம். அதுக்கப்புறம் நாப்பது நாளு நாந்தான் லேட் பண்ணிட்டேன்"னாரு. டாக்டர் எழுதிக்கிட்டாங்க. எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தெரியணும், எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்கன்னாங்க. நான் அந்த ரெண்டு வாரத்தைத் திருத்தாமயே எந்திரிச்சு வந்தேன்.

அந்த ஒரு வாரம் நான் பண்ணுன அநியாயத்த என்னன்னு சொல்ல? சோத்துல உப்பு கம்மின்னா, நாப்பது நாளு. போன எடுக்கலைன்னா, நாப்பது நாளு. "என்னைக் கொல்றதுக்குன்னே நாப்பது நாளு காத்திருந்தீங்களா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டேன். மனுசன் தட்ட அப்பிடியே வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. பின்வாசல்ல போயி நின்னுக்கிட்டு இருந்தாரு. அப்பவாச்சும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. அடுத்தவங்க தப்பு கைக்குக் கெடைச்சா என் தப்ப அதுக்கு அடியில சொருகி வச்சுக்கிறதுல நான் கெட்டிக்காரி.

அடுத்த வாரம் போனோம். டாக்டரம்மா ஒரு வெள்ளைப் பேப்பர எடுத்து, கர்ப்பப்பைய வரைஞ்சு, சுவரு இது, உள் சவ்வு இதுன்னு எனக்குக் காட்டிச் சொன்னாங்க. அவருக்கில்ல, எனக்கு. அதுக்கே அவங்களக் கும்பிடலாம். வெளிய எங்கயும் பரவலன்னாங்க. ஆனா சுவர்ல பாதியத் தாண்டி எறங்கியிருக்கு. பாதிக்குள்ள இருந்திருந்தா ஆபரேஷனோட போயிருக்கும். இப்ப கர்ப்பப்பைய எடுத்துட்டு கரண்டும் வைக்கணும்னாங்க.

எங்க வீட்டுக்காரரு அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு, "அந்த நாப்பது நாள்லதான் பாதியத் தாண்டுச்சா டாக்டர்?"ன்னு கேட்டாரு. அதெல்லாம் அப்பிடிச் சொல்ல முடியாது சார்னு டாக்டரம்மா சொல்லிக்கிட்டு இருக்கிறப்பவே அவரு குனிஞ்சுட்டாரு. அறுபத்தி ரெண்டு வயசு ஆம்பளை, ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு, "நாந்தான், நாந்தான்"னு அழுவுறாரு. வெளிய வரிசையில உக்காந்திருந்தவங்க கதவு வழியா எட்டிப் பாத்தாங்க.

நான் மேசை மேல இருந்த கேஸ் சீட்டைக் கையக் காட்டுனேன்.

"டாக்டர், ரெண்டு வாரம்னு எழுதியிருக்கீங்கல்ல, அதை அடிச்சுருங்க. நான் பொய் சொல்லிட்டேன். எட்டு மாசம்"னேன்.

டாக்டரம்மா பேனாவ நிறுத்தி என்னைப் பாத்தாங்க. திட்டல. "எட்டு மாசமாம்மா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. "ஆமா. தீபாவளிக்கு மொத வாரத்துல இருந்து. யாருக்கும் தெரியாது. நாந்தான் மறைச்சேன்"னேன். அவங்க பழசை அடிச்சுட்டுப் புதுசா எழுதுனாங்க.

எங்க வீட்டுக்காரரு கைய எடுத்தாரு. இப்ப ஏசப் போறாரு, நல்லா வாங்கிக் கட்டிக்கணும்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். அவரு ஏசல. கணக்குப் போடுற மாதிரி என்னையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "அப்ப அந்த நாப்பது நாளு அம்புட்டு பெருசில்லைல்ல டாக்டர்?"ன்னாரு.

அந்த மூஞ்சியில தெரிஞ்ச நிம்மதி இருக்கே! பொண்டாட்டிக்குப் புத்து பாதியத் தாண்டி நிக்கிது, இந்த மனுசனுக்கு நிம்மதி! வேற நாளா இருந்திருந்தா நாலு தெரு கேக்கக் கிழிச்சிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க.

"இல்லங்க, பெருசில்ல"ன்னு நாந்தான் சொன்னேன்.

அவரு தலைய ஆட்டிக்கிட்டு, கைக்குட்டைய எடுத்து மூக்கைச் சிந்துனாரு.